வடக்கு முனையின் சிவப்பு விளக்கு

விதிப் புத்தகத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அதன் பதினான்காம் விதியை மீறியவளும் நான்தான். எங்கள் ஊரில் என் அக்கா பெர்னியை இன்றும் கொண்டாடுகிறார்கள். அவள் கணவர் ஆம்ப்ரோஸைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. நடுவில் என் பெயரை யாரும் எடுப்பதில்லை என்பதால் நானே எடுத்துவிடுகிறேன்: லொரெட்டா குலாஸ், பைன் போர்ட்டேஜ் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர்.

எண்பத்தாறாம் வருடம் மார்ச்சில், ஆறு நாடுகளின் பெண்கள் அணிகளை எங்கள் ஊருக்கு அழைத்து ஐஸ் ஹாக்கிப் போட்டி நடத்தினோம். ஒட்டாவா நதி வளைகிற இடத்தில் ஒரு மர ஆலை, ஒரு மாதா கோயில், ஆயிரத்து எண்ணூறு பேர் உட்காரும் அரங்கம், அவ்வளவுதான் ஊர். அரங்கம் நிறைந்தால் வீடுகளில் கைக்குழந்தைகளும் காய்ச்சல்காரர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள்.

எல்லாம் பெர்னியால் வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள்.

"லொரெட்டா, ஆம்பளைங்களுக்கு உலகப் போட்டி ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்து இருபதுன்னு படிச்சிருக்கேன்."

"எனக்கு முப்பத்துமூணு ஆச்சு. இன்னும் அஞ்சு வருஷம் கால் ஓடும். அதுக்குள்ள நமக்கும் ஒண்ணு வேணும். நீ ஆபீஸ்ல தினமும் கடுதாசிதானே அடிக்கிறே? இதுக்கும் ஒண்ணு அடி."

ஒன்று அடித்தேன். பிறகு நூற்றுப்பன்னிரண்டு அடித்தேன். கனடாவுக்குள் பாதி, ஐரோப்பாவுக்குப் பாதி. அந்த ஊர்களிலும் என்னைப் போல ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. கடைசியில் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு எங்கள் போட்டிக்கு ஒரு பார்வையாளரை அனுப்பச் சம்மதித்தது. அவர் எழுதப்போகும் அறிக்கையைப் பொறுத்துத்தான், பெண்களுக்கான உலகப் போட்டி என்ற பேச்சு மாநாட்டு மேசைக்குப் போவதும் போகாததும். கோப்பையை யார் ஜெயித்தாலும் சரி, அறிக்கையை நாங்கள் ஜெயிக்க வேண்டும். போட்டிக் குழுவுக்கு நான்தான் செயலாளர், அதில் ஒவ்வொருவரிடமும் இதைத்தான் சொல்லிச் சொல்லி வேலை வாங்கினேன்.

பார்வையாளர் பெயர் ரேட்டோ பீலர். சுவிட்சர்லாந்து மலைக்காரர், அறுபது தாண்டியவர். பெட்டியைக்கூட யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அரங்கத்து வாசலில் என் கையைக் குலுக்கியவர், முகமன் எதுவும் சொல்லவில்லை.

"மிஸ் குலாஸ், உங்க விதிப் புத்தகத்தைப் படிச்சேன். நல்லா இருக்கு. ஆனா புத்தகம் எல்லாரும்தான் அச்சடிக்கிறாங்க. இங்க நடக்கிறது போட்டியா, இல்ல குடும்பத்தோட கூடிக் கும்மாளம் போடற திருவிழாவா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

"பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எட்டுல பாரிஸ்ல நாலு நாட்டுக்காரங்க உட்கார்ந்து இந்தக் கூட்டமைப்பை ஆரம்பிச்சாங்க. அதுல எங்க நாடு ஒண்ணு. உங்க கனடா வந்து சேர்ந்தது இருபதுல."

"ஆமா. அதுவரைக்கும் நாங்க விளையாடிக்கிட்டு இருந்தோம்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம் என்று நினைத்து, அந்த நம்பிக்கையிலேயே ஐந்து நாட்களை ஓட்டினேன்.

ஐந்து நாட்களும் நன்றாகவே போயின. மாதா கோயில் பெண்கள் கேண்டீனில் மலைமலையாகப் பியரோகிக் கொழுக்கட்டை அவித்துப் போட்டார்கள். ஜப்பான்காரிகள் அதற்குள் உருளைக்கிழங்கு இருப்பதைக் கண்டு வியந்து மூன்று தட்டு வாங்கினார்கள். பீலர் தினமும் முதல் ஆளாக வந்து, ஐஸின் ஓரப் பலகைகளைத் தட்டிப் பார்த்தார், கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார், ஒவ்வொரு ஆட்டத்தின் தாளையும் வாங்கி வரிவரியாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். குறை என்று ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வார்த்தையும் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் இறுதி ஆட்டம். ஃபின்லாந்துக்கும் எங்களுக்கும். கனடாவின் பெயரில் ஆடியது எங்கள் பள்ளத்தாக்கு அணிதான். பெர்னி அதன் தலைவி.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோலுக்கும் பின்னால், பலகைக்கு அப்பால், ஒரு கண்ணாடிக் கூண்டில் கோல் நடுவர் உட்கார்ந்திருப்பார். ரப்பர் வட்டு, கோல் கோட்டை முழுசாகத் தாண்டினால் பொத்தானை அழுத்துவார். மேலே சிவப்பு விளக்கு எரியும். அணிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை முனை மாற்றிக்கொள்ளும். கோல் நடுவர் மாற மாட்டார். வடக்கு முனைக் கூண்டு பதினைந்து வருடமாக ஆம்ப்ரோஸ் பர்ச்சாட்டுடையது. ஆலையில் ரம்பங்களுக்குப் பல் தீட்டுகிறவர், ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆட்ட நாளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் கோல் நடுவரிடம் ஊரில் ஒருவரும் பேசக்கூடாது. அவர் அப்பன்கூடப் பேச மாட்டான். மனைவியும்தான். பெர்னியும் ஆம்ப்ரோஸும் ஒரே வண்டியில் வாய் திறக்காமல் அரங்கத்துக்கு வருவார்கள். அவர் வடக்கு வாசல் வழியாகப் போவார், அவள் உடைமாற்றும் அறைக்குப் போவாள். பதினைந்து வருடமாக இப்படி.

அதனால்தான் அந்தத் தவறு நடந்தது. 'கோல் நடுவர்கள், ஆடும் அணிகளில் எவரோடும் உறவோ தொடர்போ இல்லாதவராக இருக்க வேண்டும்' என்ற பதினான்காம் விதியை நானே எழுதி, நானே அச்சுக்குக் கொடுத்து, நானே கூட்டமைப்புக்கு அனுப்பிவைத்தேன். பிறகு நடுவர் பட்டியலை நிரப்பும்போது, 'வடக்கு முனை' என்ற இடத்துக்கு நேராக, சுவரில் கடிகாரம் மாட்டுகிற மாதிரி, ஆம்ப்ரோஸின் பெயரை எழுதினேன். குழுவில் ஒன்பது பேர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். வடக்குக் கூண்டுக்குள் இருப்பவர் யாருடைய கணவர் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே உட்கார்ந்துவிட்டால் அவர் யாருடையவரும் இல்லை.

மூன்று கட்டங்களில் இரண்டாவது முடியும்போது இரண்டுக்கு இரண்டு. ஐஸ் மெழுகும் வண்டி உள்ளே வந்து சுற்ற ஆரம்பித்தது. பீலர் என் பக்கத்து இருக்கையில் ஆட்டத் தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். விரல் மேலே ஒருமுறை நின்றது, கீழே ஒருமுறை நின்றது.

"மிஸ் குலாஸ், உங்க அணித் தலைவி பி. பர்ச்சாட். வடக்கு முனைக் கோல் நடுவர் ஏ. பர்ச்சாட். இந்தப் பக்கம் இது சாதாரணமா இருக்கிற பேரா?"

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

சாதாரணப் பெயர்தான். டெலிபோன் புத்தகத்தில் பதினெட்டு பர்ச்சாட்டுகள் இருக்கிறார்கள். "ஆமா, சாதாரணப் பேர்தான்" என்று சொன்னால் பொய்யும் இல்லை. இரண்டு வருடம், நூற்றுப்பன்னிரண்டு கடிதம், பெர்னியின் காலில் மிஞ்சியிருந்த மூன்று வருடம், எல்லாம் அந்த ஒரு வரியில் பிழைத்துக்கொள்ளும். வாயைத் திறந்தேன்.

"சாதாரணமா இருக்கிற பேர்தான். ஆனா இவர் அவ புருஷன்."

பீலர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"உங்க பதினாலாம் விதி..."

"தெரியும் சார். எழுதினது நான்தான். பட்டியல் போட்டதும் நான்தான். அவங்க ரெண்டு பேருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. இப்பவே வேற ஆளைப் போட்டுடறேன். தெற்குக் கூண்டு ஆளோட அண்ணன் இருக்கார், அவர்..."

"உட்காருங்க. உங்க பதினஞ்சாம் விதியையும் நீங்கதான் எழுதினீங்களா?"

எழுதியிருந்தேன். பழைய விதிப் புத்தகங்களில் உள்ளதைத்தான் எடுத்துப் போட்டிருந்தேன். ஆட்டம் தொடங்கிய பிறகு கோல் நடுவரை மாற்றக்கூடாது. பாரபட்சமாகவோ அநியாயமாகவோ தீர்ப்பு சொன்னார் என்று தெரிந்தால் மட்டுமே மாற்றலாம்.

"அவர் பாரபட்சம் காட்டினார்னு நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார்.

நான் கூண்டைப் பார்த்தேன். ஆம்ப்ரோஸ் கண்ணாடியை உள்பக்கமாகக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயிரத்து எண்ணூறு பேர் முன்னால் அந்த மனுஷனை எழுந்து வெளியே வரச் சொல்வதா?

"இல்ல. நான் சொல்ல மாட்டேன்."

"நானும் இன்னும் சொல்லல. அப்ப அவர் அங்கேயே இருக்கட்டும். நான் வட்டைப் பார்க்கப் போறதில்ல. அவர் விளக்கைப் பார்க்கப் போறேன்." பிறகு குறிப்பேட்டில் மூன்று வரி எழுதினார். என் கண்ணுக்கு எட்டாத கோணத்தில் எழுதினார். "மூணாவது கட்டத்துல வடக்கு முனை யாருது?"

"எங்களுது. எங்க கோல்கீப்பர் அங்கதான் நிப்பா."

"அப்ப, அவர் விளக்குப் போட்டா பொண்டாட்டிக்கு நஷ்டம்."

"ஆமா சார்."

நான் கோட்டுப் பையில் ஜெபமாலையைத் தேடினேன், கிடைத்தது ஒரு பழைய பேருந்துச் சீட்டுதான். அதையே பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது கட்டம் ஆரம்பித்தது. பதினேழு நிமிடம் இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் கோல்கீப்பர் கோலீன், தபாலாபீஸில் கடிதம் பிரிக்கிற இருபத்திரண்டு வயசுப் பெண், வருகிறதை எல்லாம் பிடித்துப் போட்டாள். பின்னாலிருந்து யாரோ, "கோலீன், எங்க வீட்டுக் கடுதாசியை இவ்வளவு வேகமா பிடிச்சதே இல்லையேடி!" என்று கத்தினார்கள். அரங்கமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிய மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது அது நடந்தது. ஃபின்லாந்தின் உயரமான பெண் ஒருத்தி, எங்கள் கோலுக்கு முன்னால் ஐந்தாறு பேர் முட்டிமோதிக்கொண்டிருந்த இடத்துக்குள் வட்டை அடித்தாள். டங்கென்று இரும்பில் பட்ட சத்தம். வட்டு வெளியே தெறித்து வந்தது. பெர்னி அதை மட்டையில் வாங்கித் திரும்பிப் பறந்தாள். எதிரே ஒரே ஒருத்திதான் இருந்தாள். ஃபின்லாந்துக்காரிகள் தலையில் கைவைத்தார்கள், கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டதே என்று. அவர்களில் ஒருத்திகூடக் கை தூக்கவில்லை. அரங்கம் எழுந்து நின்றது. பெர்னி வலப்பக்கம் போகிற மாதிரி காட்டி இடப்பக்கம் வெட்டி, கோல்கீப்பரின் தோளுக்கு மேலே அடித்தாள். தெற்கு விளக்கு எரிந்தது.

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தொப்பிகள் ஐஸ் மேல் விழுந்தன. பாதிரியார் மேயரைக் கட்டிக்கொண்டார். நானும் எழுந்து கத்திக்கொண்டிருந்தேன். அப்போது பீலர் என் முழங்கையைத் தொட்டார். அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். கண் வடக்குப் பக்கம் இருந்தது.

"அந்த விளக்கு," என்றார், "ரொம்ப நேரமா எரியுது."

திரும்பினேன். வடக்கு முனையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் பொத்தானில் இருந்து விரலை எடுக்கவே இல்லை. அரங்கத்தின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் பார்த்தார்கள். சத்தம் மேலிருந்து கீழே இறங்கியது. ஸ்வீடன்காரரான ரெஃப்ரி லிண்ட்ரூத் வடக்குக் கூண்டை நோக்கி மெதுவாகச் சறுக்கிப் போனார். விதி எல்லோருக்கும் தெரியும். முதலில் எரிந்த விளக்கு நிஜமென்றால், அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நடக்கவே இல்லை. பெர்னியின் கோல் கிடையாது. கடிகாரத்தைப் பின்னால் திருப்ப வேண்டும். ஃபின்லாந்துக்கு மூன்று, எங்களுக்கு இரண்டு.

ரெஃப்ரி கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாகக் கேட்டார். ஆம்ப்ரோஸ் எழுந்து நின்று பதில் சொன்னார். கையை நீட்டி வலைக்கு உள்ளே, பின்பக்கம் அடியில் ஓடும் கம்பியைக் காட்டினார். அதில் பட்டுத்தான் வெளியே வந்தது என்று அவர் சொல்வது அங்கிருந்தே எங்களுக்குப் புரிந்தது.

பிறகு அரங்கம் வெடித்தது.

"ஆம்ப்ரோஸ், கண்ணைத் துடைடா!"

"ரம்பத்தூள் உள்ள போயிருச்சுப்பா அவனுக்கு!"

"டேய், இன்னைக்கு நீ வீட்டுக்குப் போகாத! நாய்கூடப் பக்கத்துல சேர்க்காது!"

கடைசியாகக் கத்தியது அவருடைய சொந்தத் தம்பி. ஆம்ப்ரோஸ் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் வழக்கம் போலவே இருந்தது, காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

லிண்ட்ரூத் ஐஸ் மேல் இருந்த மற்ற இரண்டு நடுவர்களிடம் கேட்டார். அவர்கள் தலையாட்டி, பார்க்கவில்லை என்றார்கள். அவரும் பார்க்கவில்லை. ஃபின்லாந்துக்காரிகளே பார்க்கவில்லை. அந்த விளக்கை ஒதுக்கிவிட ரெஃப்ரிக்கு அதிகாரம் உண்டு. ஒதுக்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. நான் பீலரைப் பார்க்கப் பயந்தேன். ரெஃப்ரி ஒதுக்கிவிட்டால், நாங்கள் கோப்பையை ஜெயித்து அறிக்கையைத் தோற்போம்.

தலைவிக்கு ரெஃப்ரியிடம் பேசும் உரிமை உண்டு. பெர்னி வந்தாள். அவளுடைய சறுக்கலிலேயே கோபம் தெரிந்தது, ஐஸைக் கிழித்துக்கொண்டு வந்தாள். ரெஃப்ரி விஷயத்தைச் சொன்னார். அவள் கூண்டுக்கு நேராகப் போய் நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆம்ப்ரோஸ், இந்தப் பக்கம் அவள், நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஆட்ட நாள் என்பதால் அவள் பேசவில்லை. மோவாயை மட்டும் தூக்கினாள். நிஜமாகவா என்று அர்த்தம். அவர் ஒருமுறை தலையை அசைத்தார்.

பெர்னி திரும்பி, கோலீனிடம் போனாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"கோலீன். உள்ள போச்சா?"

கோலீன் தண்ணீர் குடித்தாள். தேவையே இல்லாமல் இன்னொரு மடக்கும் குடித்தாள்.

"என்னைப் பார்த்துச் சொல்லு. போச்சா, இல்லையா?"

"யாருமே பார்க்கல பெர்னி."

"நான் அதைக் கேட்கல."

"...போச்சு. என் குதிகாலுக்குப் பின்னாடி சத்தம் கேட்டுச்சு. கம்பியில பட்டு வந்துச்சு. நான் சொல்லியிருக்கணும்."

"சரி. தண்ணியைக் கீழ வை. இன்னும் மூணு நிமிஷம் ஆட்டம் இருக்கு."

அவள் ரெஃப்ரியிடம் திரும்பி வந்து, "எங்க கோல்கீப்பர் உள்ள போச்சுன்னு சொல்றா. என் கோலைத் தூக்கிடுங்க," என்றாள். மளிகைக் கடையில் ஒரு சாமானைத் திருப்பித் தருகிறவள் மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடுவட்டத்துக்குப் போய் நின்றாள்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கடிகாரம் பின்னால் போனது. பிறகு எங்கோ மேல்வரிசையில் ஒருவர் மரப் பெஞ்சைக் காலால் தட்ட ஆரம்பித்தார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் அத்தனை பெஞ்சுகளும் அதிர்ந்தன. ஆம்ப்ரோஸை நாய்கூடச் சேர்க்காது என்றவர்தான் எல்லோரையும்விட வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் ஊர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. இவர்கள் என் ஜனங்கள் என்று, பக்கத்தில் இருந்த அந்நியரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மீதி மூன்று நிமிடமும் பெர்னி முட்டிப் பார்த்தாள். ஒருமுறை கம்பத்தில் பட்டது, நிஜமாகவே கம்பத்தில். மணி அடித்தது. தோற்றோம்.

ஃபின்லாந்துக்காரிகள் வரிசையில் வந்து கை குலுக்கினார்கள். அவர்களுடைய தலைவி பெர்னியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். ஒரு சொல்கூடப் புரியவில்லை என்று பெர்னி பிறகு சொன்னாள். "ஆனா அவ மட்டும் என் தெருவுல குடியிருந்தா, தினமும் சண்டை போட்டு தினமும் காபி குடிச்சிருப்போம்" என்றாள்.

பீலர் பேனாவை மூடினார்.

"மிஸ் குலாஸ், பதினாலாம் விதி மீறப்பட்டதுன்னு நான் எழுதியே ஆகணும்."

"எழுதுங்க சார். என் பேரையும் சேர்த்து எழுதுங்க."

"அந்த மனுஷனுக்குத் தெரியுமா, நான் அவரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு?"

"தெரியாது. அவர்கிட்ட இன்னைக்கு யாரும் பேச மாட்டாங்க."

"ஏன்?"

அந்தப் பழக்கத்தைச் சொன்னேன். அவர் நம்பாதவர் போலப் பார்த்தார். "பொண்டாட்டியுமா?" என்றார். "பொண்டாட்டியும்தான்" என்றேன். குறிப்பேட்டை மறுபடி திறந்து ஏதோ எழுதினார். இந்தமுறை கோணத்தை மறைக்கவில்லை. அவர் மொழியில் எழுதியதால் எனக்குப் பயன்படவில்லை.

பின்வாசல் நடையில் ஆம்ப்ரோஸ் பெர்னியின் பெரிய பையோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஆட்டம் முடிந்துவிட்டதால் இனி பேசலாம். ஆனாலும் கடந்து போன யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பெர்னி ஈரத் தலையோடு வெளியே வந்தாள்.

"பையைக் கொடு."

"நான் தூக்கிக்கிறேன்."

"உனக்குக் கை நடுங்குது ஆம்ப்ரோஸ்."

"விரல் மரத்துப் போச்சு. பொத்தானை ரொம்ப நேரம் அழுத்திப்பிடிச்சேன். எடுத்தா அணைஞ்சிடும், யாரும் பார்க்காம போயிடும்னு." அவர் பையை மாற்றிப் பிடித்தார். "நீ அந்தப் பக்கம் ஓடிப்போய் அடிச்சியே, அது நல்ல கோல் பெர்னி. நான் பார்த்ததுலயே..."

"வாயை மூடு. அழவைக்காத."

"சரி."

"எனக்குக் கோபம் போகல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கும்."

"சரி."

"ஆனா நீ மட்டும் அந்த விரலை எடுத்திருந்தா..." அவள் முடிக்கவில்லை. அவருடைய மரத்துப்போன கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "எடுத்திருந்தா, எனக்கு நீ யாருன்னே தெரியாம போயிருக்கும்."

பதினான்காம் விதியைப் பற்றி அவர்களிடம் அப்போதுதான் சொன்னேன். ஆம்ப்ரோஸ் திகைத்து நின்றார். பெர்னி முதலில் முறைத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டோம்! அதுல நானும் ஒருத்தி!"

அறிக்கையின் நகல் மே மாதம் ஊராட்சி அலுவலகத்துக்கே வந்தது. நான்கு பக்கம். ஐஸின் தரம், கடிகாரம், மருத்துவ வசதி என்று வறட்டு வறட்டாகப் போய், மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'இறுதி ஆட்டத்தில் வடக்கு முனைக் கோல் நடுவர், உள்ளூர் அணித் தலைவியின் கணவர். இது போட்டியின் பதினான்காம் விதிக்கு முரணானது. போட்டிச் செயலாளர் இதைக் கேட்டவுடன் ஒப்புக்கொண்டார். மூன்றாம் கட்டத்தில் அந்த நடுவர், வேறு எவரும் காணாத ஒரு கோலை, தம் மனைவியின் அணிக்கு எதிராக அறிவித்தார். தலைவி தம் கோல்கீப்பரை விசாரித்து, அதை உறுதிசெய்து, தாம் அடித்த கோலைத் திரும்பப் பெற்றார். நடந்தது போட்டிதானா என்ற கேள்வி இந்தப் பார்வையாளருக்கு இனி இல்லை. பெண்களுக்கான உலகப் போட்டியை மாநாடு விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன்.'

நான் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, மதியம் இரண்டு மணிக்கே, அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். பெர்னி அந்த வரிகளை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தாள். பிறகு உட்கார்ந்து ஒருமுறை படித்தாள்.

"எப்போ?" என்றாள்.

"விவாதிச்சு, ஓட்டெடுத்து, ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து... மூணு வருஷமோ நாலு வருஷமோ ஆகும்."

"நாலு வருஷமா! முப்பத்தொன்பது ஆயிடும் எனக்கு. கொஞ்சம் சீக்கிரம் பண்ணச் சொல்லி இன்னொரு கடுதாசி அடி."

ஆம்ப்ரோஸ் வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இனிமே பெர்னி ஆடற ஆட்டத்துக்குக் கூண்டுல உட்கார முடியாதுல்ல?" என்று கேட்டார்.

"முடியாது. விதி விதிதான். இந்தத் தடவை நானே பார்த்து, வேற ஆள் பேரைத்தான் எழுதுவேன்."

அவர் ஒரு பூட்ஸோடு அப்படியே நின்றார். பதினைந்து வருடமாகக் கண்ணாடிக்குள் இருந்த மனுஷன். பெர்னி அறிக்கையை மடித்து மேசையில் வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

"பதினஞ்சு வருஷத்துல நீ எனக்காக ஒருதடவைகூடக் கத்தினதில்ல ஆம்ப்ரோஸ். நீ கத்தவும் கூடாது. இனிமே நீ லொரெட்டா பக்கத்துல உட்காரலாம். தொண்டை கிழியக் கத்தலாம்."

ஆம்ப்ரோஸ் யோசித்தார். அவருக்கு எதையும் யோசித்துத்தான் சொல்ல வரும்.

"என்னன்னு கத்தறது?"

"என் பேரைச் சொல்லித்தான். வேற என்ன?"

"இப்பவேவா?"

"பழகிக்கோ."

அவர் தொண்டையைச் செருமினார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆலைக்குக் கேட்கிற மாதிரி, "பெர்னி!" என்று கத்தினார். அடுப்பங்கரை அலமாரியில் தட்டுகள் கலகலத்தன, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் அக்கா சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, "இன்னும் சத்தமா," என்றாள்.